மிளகு போட்டு வைத்த சூடம்

இன்றைக்கு எங்கள் பள்ளியில் ஆயுத பூஜை. வேதியியல் ஆய்வகத்துக் கதவைத் திறந்ததுமே கற்பூர வாசம் மூக்கில் ஏறியது. தராசுக்குச் சந்தனப் பொட்டு, அலமாரிக்குக் குங்குமம், ஒரு பேசின் நிறையப் பொரி. உதவியாளர் தட்டில் கற்பூரத்தை ஏற்றி ஒவ்வொன்றுக்கும் காட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்த வாசம் வந்தால் எனக்கு உன் ஞாபகம் வந்துவிடும், உன் ஞாபகம் வந்தால் கோபம் வந்துவிடும். செத்துப் போனவள்மேல் என்ன கோபம் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அவருக்கு உன்னைத் தெரியாது.

அதனால் சொல்லிவிடுகிறேன். இந்த மடலில் உன்னைத் திட்டத்தான் போகிறேன். நல்ல வார்த்தையெல்லாம் உன் காரியத்தன்றே எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் அந்தக் கல்லூரியில் ஆய்வு மாணவிகளாகச் சேர்ந்தோம். இரண்டாயிரம் பிறந்து, உலகம் ஒன்றும் அழிந்துவிடவில்லை என்று எல்லோரும் சமாதானமாகியிருந்த சமயம். வத்தலக்குண்டு சாலையில் ஒரு பொட்டல், அதன் நடுவில் கல்லூரி. நான் திண்டுக்கல் டவுன்காரி, சர்ச்சுக்குப் பின்னால் வீடு. நீ தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகத் தக்காளிப் பெட்டிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கியவள். என்னை மட்டும்தான் 'புள்ள' என்பாய். மற்றபடி வாயைத் திறந்தால் 'ங்க'. துறைத் தலைவருக்கு 'ங்க', ஆய்வக உதவியாளர் முனியாண்டி அண்ணனுக்கு 'ங்க', ஒரு நாள் வராந்தாவில் படுத்திருந்த நாயையும் "கொஞ்சம் தள்ளுங்க" என்றாய். "ஏத்தா, எனக்கு இம்புட்டு மரியாதை குடுத்தா நான் எப்பிடித்தா வேலை பாக்குறது?" என்று முனியாண்டி அண்ணன் நெளிவார். அப்போது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் பணிவு உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே உன் வாயில் ஒன்று போட்டிருப்பேன்.

உனக்குக் கொடுத்த வேலை, தண்ணீர் ஒட்டாத கண்ணாடி செய்வது. சேப்பங்கிழங்கு இலையில் மழைத்துளி உருண்டு ஓடுமே, அது மாதிரி. இலை வழவழப்பாக இருப்பதால் ஓடுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஷயம் அதற்கு நேர்மாறு என்று நீதான் படம் போட்டுக் காட்டினாய். கண்ணுக்குத் தெரியாத அளவில் இலை முழுக்கக் குட்டிக் குட்டி மேடுகள், ஒவ்வொரு மேட்டின்மேலும் அதைவிடப் பொடியான மெழுகு முட்கள். துளி அந்த முனைகளின்மேல்தான் உட்காருகிறது, அடியில் முழுக்கக் காற்று. ஒட்டிக்கொள்ள இடம் போதாமல் உருண்டுவிடுகிறது. அப்படிப்பட்ட மேடு பள்ளத்தை, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு, கண்ணாடியில் செய்ய வேண்டும்.

துறைத் தலைவருக்கு அது வெளிநாட்டு இதழில் வரவேண்டிய கட்டுரை. உனக்கு அது உன் அப்பாவின் உயிர். ஒரு மழை நாளில் பம்பு செட்டு ஸ்டார்ட்டரைத் தொட்டு, ஷாக் அடித்து, தூக்கியெறியப்பட்டுப் பிழைத்தவர் அவர். ஸ்டார்ட்டர் பெட்டியின் கண்ணாடி மூடியில் நின்ற தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்கியிருந்தது. "ஒரு சொட்டு நிக்காத கண்ணாடி ஒண்ணு போதும் புள்ள. எங்க ஊர்ல மழக்காலத்துல மோட்டார் போடப் போறவங்க உசுரோட திரும்பி வந்துருவாங்க" என்பாய். இதை நீ சொல்லும்போதெல்லாம் உன் குரல் மாறிவிடும்.

ஆனால் கண்ணாடி கேட்கவில்லை. சிலிக்காத் தூளைத் தெளித்து, மருந்தில் முக்கி, காயவைத்து, துளி விட்டுப் பார்த்தால் அது தோசை மாவு மாதிரிப் பரவி உட்கார்ந்துகொள்ளும். "நல்லா மொறுமொறுன்னு ஊத்திருக்கடி" என்று நான் சீண்டுவேன். உனக்குக் கோபமே வராது. கழுவிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாய். கோபம் வராததை ஒரு நல்ல குணம் என்று அன்றைக்கு நான் நினைத்திருந்தேன், பார்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு முன்னால் கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக் கம்பித் தாங்கியில் அடுக்கி வைத்திருந்தாய். ஆய்வகத்துக்குப் புது உலை வந்திருந்தது, அதனால் பூஜை தடபுடல். துறைத் தலைவர் பக்திமான். தன் கையாலேயே தட்டு நிறையக் கற்பூரத்தைக் கொட்டி ஏற்றினார். உலைக்கும் தராசுக்கும் காட்டிவிட்டு, இன்னும் எரிந்துகொண்டிருந்த தட்டை உன் தாங்கிக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டுப் பொரிகடலை கொடுக்கப் போய்விட்டார். கற்பூரம் நின்று நிதானமாகப் புகைந்தது. நான் பொரிக்காகவே வந்தவள். உன் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

விடுமுறை முடிந்து வந்தபோது நீ குழாயடியில் நின்றிருந்தாய். கண்ணாடிகளின் அடிப்பக்கமெல்லாம் கரி. "சாமி கும்புடறேன்னு அத்தனையும் சட்டியாக்கி வச்சிருக்காங்க" என்று முணுமுணுத்தபடி ஒன்றைக் குழாயில் காட்டினாய். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அப்புறம், "ஏனுங்க! இங்க வாங்க! வந்து பாருங்க!" என்று கத்தினாய். என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். தண்ணீர் அந்தக் கரியைத் தொடவே இல்லை. உருண்டையாக விழுந்து, துள்ளி, ஓடிப்போனது. குழாயிலிருந்து எடுத்த கண்ணாடி பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. அன்று மத்தியானம் முழுக்க நாம் ஒரு வேலையும் பார்க்கவில்லை, துளியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டி விளையாடினோம். "மெழுகுவத்தி ஏத்துற ஆளுகடி நாங்க. எங்க மாதாவக் கும்பிட்டிருந்தா இத எப்பவோ கண்டுபிடிச்சிருக்கலாம்" என்றேன். "அப்பறம் ஏன் கண்டுபுடிக்கல?" என்று கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அந்தக் கரி விரல் பட்டால் போய்விடும். அதை நிறுத்த நீ பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் கரியின்மேல் சிலிக்காவை ஆவியாகப் படியவிட்டு மெல்லிய தோல் போர்த்தினாய். பிறகு உலையில் வைத்துக் கரியை எரித்துவிட்டாய். கரி போய்விடும், கரி இருந்த வடிவம் மட்டும் கண்ணாடியாக மிஞ்சும். அதன்மேல் மெழுகு போன்ற ஒரு மருந்தின் ஆவியைக் காட்டினால் முடிந்தது. பார்வைக்குச் சாதாரணக் கண்ணாடி, தண்ணீர் மட்டும் நிற்காது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வெளியூர் அனுப்பி, காத்துக் கிடந்து வாங்கிய படத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எல்லோரும் வாய் பிளந்து பார்த்தபோது நீ மட்டும் "காராபூந்திங்க சார்" என்றாய்.

கற்பூரத்தை ஒரு மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் வைத்து, அதற்குள் மிளகும் போட்டு வைத்திருந்தாய்.

"மொளகு போட்டா சூடம் காத்துல கரையாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

"மூடி இறுக்கமா இருந்தாலே கரையாதுடி. ஆராய்ச்சி பண்ற பொண்ணு பேசுற பேச்சா இது?"

"கெடந்துட்டுப் போகுது புள்ள. மொளகு உன்ன என்ன பண்ணுச்சு?"

கட்டுரை எழுதும் நேரம் வந்தது. அது உன் பெயரிலும் துறைத் தலைவர் பெயரிலும் போக வேண்டியது, என் வேலை வேறு. ஆனாலும் அன்றைக்கு அந்த அறையில் நான் இருந்தேன். கற்பூரம் என்ற இடம் வந்ததும் அவர் பேனாவை மூடினார்.

"சூடம்னு எழுதுனா வெளிநாட்டுக்காரன் சிரிப்பாம்மா. பூஜை போட்டு ஆராய்ச்சி பண்றானுகன்னு சொல்லுவான். அசிட்டிலின் வாயுன்னு போடு. அதுவும் கரிதான விடும்?"

"சார், நாம சூடத்துலதானுங்க செஞ்சோம்..."

"உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. நான் பாத்துக்கிறேன்."

"சரிங்க சார்."

அந்த 'சரிங்க சார்' இன்னும் என் காதில் எரிகிறது. கற்பூரத்தில் என்ன கேவலம் வந்தது? தட்டு நிறையக் கொட்டி ஏற்றியவர் அவர்தானே? நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, அதே தட்டை வெளியில் சொல்ல வெட்கப்படுகிற பக்தி என்ன பக்தி? வெளியே வந்து உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எதுல செஞ்சோம்கிறதுலகூடப் பொய்யாடி?" என்றேன். "விடு புள்ள. தண்ணி ஓடுதில்ல? அது பொய் சொல்லாது" என்றாய். அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டாய்.

அதோடு, ஆய்வகத்தில் இனி கற்பூரம் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. யாராவது பார்த்தால் கேள்வி வருமாம். நீ விடவில்லை. பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போய், ஒரு பெரிய கண்ணாடியை அங்கே கற்பூரப் புகையில் காட்டி, தகர டின்னில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். "உள்ள என்னம்மா, அதிரசமா?" என்று கண்டக்டர் கேட்டாராம். "கரிங்க" என்றாயாம். அதன்பின் இறங்கும்வரை அந்த மனுஷன் உன் பக்கமே வரவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அந்தக் கண்ணாடிக்கும் தோல் போர்த்தி, உலையில் சுட்டு, மருந்து காட்டி, மறுபடி ஊருக்கே கொண்டுபோனாய்.

கட்டுரை வெளிவந்தது. துறைத் தலைவர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். லட்டு செரிப்பதற்குள் வேறொரு ஊர் ஆய்வகம், நீங்கள் எழுதியபடியே செய்தோம், தண்ணீர் ஒட்டுகிறது என்று எழுதிவிட்டது. ஒட்டாமல் என்ன செய்யும்? அசிட்டிலின் கரி பஞ்சு பஞ்சாகப் பறந்து திட்டுத் திட்டாகத்தானே படியும்? பல்கலைக்கழகத்திலிருந்து விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். எழுதியபடி செய்துகாட்டு என்றார்கள். நம்மிடம் அந்த வாயுவே கிடையாது. முனியாண்டி அண்ணன் ஒரு வெல்டிங் பட்டறையில் கெஞ்சி, சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். நீ அதில் கரி பிடித்தாய், தோல் போர்த்தினாய், சுட்டாய், மருந்தும் காட்டினாய். மறுநாள் அவர்கள் முன்னால் துளி விட்டாய். துளி பரவி உட்கார்ந்துகொண்டது.

நான் உன் மேசையிலிருந்து அந்தக் குப்பியையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒரு வில்லை கற்பூரம், ஒரு கண்ணாடித் துண்டு, குழாய்த் தண்ணீர். அந்தக் கரியில் தண்ணீர் உருளுவதைக் காட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்து வந்தாய். என் கையிலிருந்து குப்பியைப் பிடுங்கினாய். உன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க, எங்க சாப்பாட்டுப் பொருளுங்க" என்று அவர்களிடம் சொன்னாய். அவ்வளவு பலமாக நீ எதையும் பிடுங்கி நான் பார்த்ததில்லை. உனக்காகச் சண்டை போட வந்தவளிடம் காட்டினாய் அந்தப் பலத்தை. "பிள்ளைக எழுதிக் குடுத்தத நம்பிட்டேங்க" என்று துறைத் தலைவர் அவர்களிடம் கைவிரித்தபோது அந்தப் பலம் எங்கே போயிருந்தது?

உன் முடிவுகள் இட்டுக்கட்டியவை என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆய்வுப் பதிவும் ரத்தானது. பஸ் ஸ்டாண்டில் உன்னை நிறுத்திவைத்து நான் போட்ட சத்தத்தில் பூக்காரி கட்டுகிறதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"காட்டியிருந்தா என்னடி?"

"அசிட்டிலின்னு போட்ட தாள்ல நாந்தான கையெழுத்துப் போட்டேன்? சூடத்தக் காட்டுனா கையெழுத்துப் பொய்யின்னு ஆவும். காட்டாட்டி வேல பொய்யின்னு ஆவும். எப்புடிப் பாத்தாலும் பொய்க்காரி நாந்தான் புள்ள."

"அந்தப் பொய் உன்னோடது இல்லடி! அந்தாளோடது!"

"அவரு பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்காரு. இந்த நேரத்துல அவரு தலையில தூக்கிப் போடச் சொல்றியா?"

அந்தக் கல்யாணத்துக்கு அவர் உனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அதையாவது நீ கவனித்தாயா? நான் விசாரணைக்காரர்களுக்கு நடந்ததை எழுதினேன். சம்பந்தப்பட்ட மாணவியே மறுப்பு எதுவும் சொல்லவில்லை என்று பதில் வந்தது. நீ வாயைத் திறக்காத வரை என் பேச்சு எடுபடாது.

நீ ஊருக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தாய். ஆடிக்கொரு தரம் போன் செய்வாய், எதைக் கேட்டாலும் "நல்லாருக்கேன் புள்ள" என்பாய். காமாலை முற்றிப்போய் மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. உடம்புக்கு முடியவில்லை என்பதையும் யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று அடக்கியே வைத்திருந்திருக்கிறாய். நான் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவில்லை. அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுத அழுகையில் பாதி ஆத்திரம்தான்.

உன் காரியத்துக்குத் துறைத் தலைவர் காரில் வந்தார். உன் படத்துக்கு மாலை போட்டார். "தங்கமான பொண்ணு. எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல" என்று உன் அம்மாவிடம் சொன்னார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "சார், செத்த நேரம் என்கூடத் தோட்டத்துக்கு வாங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, வந்தார். உன் அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

பம்பு செட்டுச் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி. அதன்மேல் சரிவாக நீ மாட்டிய கண்ணாடி. தொட்டியில் ஒரு செம்பு மொண்டு அதன்மேல் ஊற்றினேன். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டியது, வெயிலும் தூசியும் அங்கே தின்றிருக்கும். மற்ற இடமெல்லாம் தண்ணீர் உருண்டு உருண்டு ஓடி, கண்ணாடி காய்ந்து நின்றது.

"சார், இங்க வெளிநாட்டுக்காரன் யாரும் இல்ல. சிரிக்க ஆளில்ல. இத அவ எதுல செஞ்சான்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்து உன் அப்பா முந்திக்கொண்டார்.

"சூடந்தானுங்க. பொங்கலுக்கு வந்திருந்தப்ப, பாப்பா இந்தா இந்த நடையில உக்காந்து, தட்டு நெறையாச் சூடத்த ஏத்திக் கருக்குச்சுங்க. அப்பறம் உங்க காலேஜு உலையில சுட்டுக் கொண்டாந்து மாட்டுச்சுங்க. எத்தன மழ பேஞ்சும் ஒரு சொட்டு உள்ள எறங்குலீங்க. ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுங்க" என்றார் துறைத் தலைவர்.

அவ்வளவுதான். வெயில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். அந்த ஒரு சொல்லை அவர் எழுதித் தரவில்லை, இன்றுவரை எங்கும் சொல்லவுமில்லை. தாம் எதைக் கேட்டுவிட்டோம் என்று உன் அப்பாவுக்கும் தெரியாது. தோட்டத்து வரப்பில் நின்று நான் ஒருத்திதான் அதைக் கேட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது உன் அம்மா உன் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்க சாமி. எங்களுக்கு இதுல என்னன்னு தெரியல" என்றார். பஸ்ஸில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தேன். அந்தக் குப்பி இருந்தது. இத்தனை வருடத்தில் கற்பூரம் சுத்தமாகக் கரைந்து போயிருக்க வேண்டும். ஆனால் குப்பி கழுத்து வரை நிறைந்திருந்தது. வெள்ளை வெளேரென்று புது வில்லைகள், நடுவில் கருகருவென்று புது மிளகு. தீரத் தீர வாங்கிப் போட்டிருக்கிறாய். மூடியை இறுக்கி இறுக்கி வைத்திருக்கிறாய். எந்த நாளுக்காகடி? ஒரு நாள் அவர்கள் முன்னால் போய் ஏற்றிக் காட்டலாம் என்று உனக்கும் இருந்ததா? இருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் வந்திருப்பேனே. தீப்பெட்டியோடு வந்திருப்பேனே. ஒட்டன்சத்திரம் வரும்வரை அந்தக் குப்பியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இன்றைக்குப் பூஜை முடிந்ததும் பிள்ளைகளைப் பொரியோடு அனுப்பிவிடவில்லை. உன் குப்பியிலிருந்து எடுத்து ஏற்றினேன். கண்ணாடித் துண்டைப் புகையில் காட்டினேன். ஒரு மாணவியைக் கூப்பிட்டுத் துளி விடச் சொன்னேன். அது உருண்டு ஓடியதும் வகுப்பே கூச்சல் போட்டது, நீ குழாயடியில் போட்ட அதே கூச்சல். பிறகு செய்முறையைக் கரும்பலகையில் எழுதினேன். முதல் வரி: பூஜைக் கற்பூரம், தட்டு நிறைய. கடைசி வரி: உன் பெயர், இனிஷியலோடு.

"டீச்சர், அவங்க பெரிய சயின்டிஸ்ட்டா?" என்று அந்த மாணவி கேட்டாள்.

"ஆமா. வாயில்லாத சயின்டிஸ்ட்டு" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிள்ளைகள் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

குப்பியில் இன்னும் பாதி இருக்கிறது. வருகிற வழியில் மளிகைக் கடையில் நிறுத்தி மிளகு வாங்கினேன். மூடி இறுக்கமாக இருந்தாலே போதும், எனக்குத் தெரியும். இருந்தாலும் போட்டு வைத்திருக்கிறேன். உன்மேல் உள்ள இந்தக் கோபத்தையும் கரையவிடுவதாக இல்லை. உன்மேல் எழுதிவைத்த பழியை அவர்கள் திருத்தி எழுதும் நாளில் சூடம், கோபம் இரண்டும் எனக்கு வேண்டும்.